திருமலை வரிசையில் நியூட்டன்: ஒரு சிற்றாய்வு

பள்ளிக்கூட இயற்பியல் கணக்குகளில் வரும் மனிதன் வழவழப்பான தளத்தில் தன்னந்தனியாக நிற்பான். உராய்வு கிடையாது, காற்றுத்தடை கிடையாது, முதுகில் இடிக்க ஆளும் கிடையாது. அப்படியொரு தளம் எந்த ஊரில் இருக்கிறது என்று முன்னாய்வாளர் எவரும் சொன்னதில்லை. எனவே விசைக்குப் பஞ்சமே இல்லாத திருமலையை இவ்வாய்வு களமாகக் கொள்கிறது.

முதலில் ஏற்றம். அலிபிரிப் பாதையில் 3550 படிகள், ஸ்ரீவாரி மெட்டில் 2388. கால் வலிக்கிறவர்களுக்கு 1974இல் திறந்த மலைச்சாலையில் பஸ் உண்டு. (1944இல் போட்ட பழைய சாலை இப்போது இறங்குவதற்கு.) கீழ்த்திருப்பதிக்கும் திருமலைக்கும் உயர வித்தியாசம் சுமார் 700 மீட்டர். 60 கிலோ எடையுள்ள பக்தரை அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற 4.1 லட்சம் ஜூல் வேண்டும். புவியீர்ப்பு பாதையைப் பார்க்காது. அலிபிரிப் பாதையின் மோகாள்ள மெட்டில் முட்டி நடுங்க ஏறியவருக்கும் ஜன்னலோர சீட்டில் தூங்கியவருக்கும் ஒரே கணக்குதான். வேண்டுதல் கணக்கு வேறு, அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இந்த ஆற்றல் ஏறக்குறைய 100 கிலோ கலோரி. உடம்பு அதைப்போல் நாலு மடங்கு செலவழித்தாலும், 175 கிராம் லட்டு ஒன்றைத் தின்றால் வட்டியோடு திரும்பிவிடும்.

அடுத்து, தரிசனத்துக்குக் காத்திருக்கும் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸ். வேலை என்பது விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கி வருவது. கம்பார்ட்மெண்டில் இடப்பெயர்ச்சி சுழி. ஆகவே ராத்திரி முழுக்கக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தாய், இயற்பியல்படி ஒரு வேலையும் செய்யவில்லை. இந்த முடிவை அந்த அம்மாளிடமே சொல்லிச் சரிபார்க்க ஆய்வாளருக்குத் துணிவு வரவில்லை.

கேட் திறந்ததும் திடப்பொருள் திரவமாகிறது. உருகுவதற்கு வெப்பம் தேவையில்லை, யாராவது ஒருவர் ‘கோவிந்தா’ என்றால் போதும். குழாய் குறுகினால் ஓட்டம் வேகமாகும் என்ற விதி கருவறை வாசலில் பொய்க்கிறது: பெருமாளைக் கண்டவர் அப்படியே நின்றுவிடுகிறார். வெளிவிசை தாக்கும்வரை அவர் நின்றுகொண்டேதான் இருப்பார். அந்த வெளிவிசை ‘ஜருகண்டி’ (நகருங்கள்) என்ற குரலோடு தோளில் விழுகிறது. அளவில் சிறிது, திசை எப்போதும் வெளிவாசல். உடம்பு நகர்ந்த பிறகும் கழுத்து மட்டும் சந்நிதிப் பக்கமே திரும்பியிருக்கும். நிலைமத்துக்குப் பாடநூல்கள் காலங்காலமாகத் தரும் ‘பிரேக் போட்ட பஸ்’ உதாரணத்துக்கு இனி ஓய்வு கொடுக்கலாம்.

வாசகருக்கு ஒரு பயிற்சிக் கணக்கு. சித்தூரில் கிளம்பிய நால்வர் மொட்டை போட்டு, தரிசனம் முடித்து, லட்டுப் பையோடு வீடு திரும்பினார்கள். மொத்த இடப்பெயர்ச்சி சுழி. முடி இறங்கியது, லட்டு ஏறியது, உண்டியலில் விழுந்த சில்லறை தனி. நிறை மாற்றத்தைக் காண்க. உராய்வைப் புறக்கணித்து விடை எழுதுபவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.