நிமிடத்துக்கு 35 ஒலி

அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளையின் எதிரில் ஸ்டாப்வாட்சோடு உட்காரலாம் என்று கண்டுபிடித்த மேதைகளுக்கு ஒரு பெரிய கும்பிடு. டீச்சர் ‘சன்’ என்பார். கின்டர்கார்ட்டன் வாண்டு அதை ‘ஸ்’, ‘அ’, ‘ன்’ என்று உடைத்துக் காட்ட வேண்டும். மூன்று விநாடி விழித்தால் அடுத்த சொல். 2000களின் இலக்குப்படி, வருடக் கடைசிக்குள் நிமிடத்துக்கு 35 ஒலி உதிர வேண்டும். நடுவே மூக்கு ஒழுகினால் அது பிள்ளையின் பாடு.

தேர்வின் பெயர் டிபல்ஸ். பிறந்த இடம் ஓரிகன் பல்கலைக்கழகம். சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைக் காதால் பிரிக்கத் தெரியாத பிள்ளை ஆங்கிலம் வாசிக்கத் திணறும், அதை முன்கூட்டியே தெரிந்து கைகொடுக்க வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். தெர்மாமீட்டரில் குற்றமில்லை. அதை ஐஸில் முக்கி எடுத்துவிட்டுக் காய்ச்சல் இறங்கியது என்றார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. ‘விஜ்’, ‘லுட்’ என்று பொருளே இல்லாத சொற்களைக் கடகடவென்று வாசிக்க வேண்டும். கொஞ்சம் விவரமான பிள்ளை, யாரோ தப்பாக அச்சடித்துவிட்டார்கள் பாவம் என்று நினைத்து அதை நல்ல சொல்லாகத் திருத்தி வாசித்தால் மார்க் குறையும். வாசிப்பில் அர்த்தம் தேடியதற்கு அபராதம்! மார்க் வேண்டுமே என்று சில வகுப்புகளில் இந்த உளறலையே பாடமாக உருப்போடவும் வைத்தார்கள். தெர்மாமீட்டரை ஐஸில் முக்கியது இப்படித்தான்.

இத்தனைக்கும் பின்னால் பணம். 2002இல் அதிபர் புஷ் அரசு தொடங்கிய ‘ரீடிங் ஃபர்ஸ்ட்’ திட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர், ஏழைப் பிள்ளைகளின் பெயரால். மாநிலங்கள் பலவும் டிபல்ஸைக் கையில் எடுத்தன. திட்டத்தை நடத்தியவர்கள் வேண்டியவர்களை மதிப்பீட்டுக் குழுக்களில் செருகி, மாநிலங்களைத் தங்களுக்குப் பிடித்த பக்கம் தள்ளினார்கள் என்று 2006இல் கல்வித்துறையின் சொந்தக் கண்காணிப்பு அதிகாரியே அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டு, டிபல்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து பதில் சொன்னார்.

2008இல் அரசின் ஆய்வும் வந்தது. முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டுவது சற்றுத் தேறியிருந்ததாம். படித்ததைப் புரிந்துகொள்வதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லையாம். அவ்வளவு கோடிக்கு அவ்வளவுதான்.

திட்ட இயக்குநர் 2006லேயே பதவியை விட்டுப் போய்விட்டார். ஒரு நிமிடத்தில் தடுமாறியதற்காகப் பெயருக்கு எதிரே ‘ஆபத்தில்’ என்று எழுதப்பட்ட பிள்ளை எந்தப் பதவியை விட்டுப் போகும்?