ரிட்டன் வண்டியில் அட்லாண்டிக்

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்று சொன்னால் விராலிமலைக்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எல்லாம் நம் மாவட்டம்தான். ஆனால் அவை கிழக்கு ஓரம். நாங்கள் மேற்கு ஓரம். எங்களுக்குத் தெரிந்த பெரிய நீர்நிலை கண்மாய். அதிலும் ஆனி மாதம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்க இரண்டு கப்பல்களில் எது தோது என்று முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம், பிள்ளைகள். மகள் ஜெர்மனியில், மகன் அமெரிக்காவில், புளோரிடாவில். மகளுக்குக் குழந்தை பிறந்தாயிற்று, அங்கே போகிறோம். மருமகளுக்கு மார்கழியில் பிரசவம். அங்கேயும் போக வேண்டும். ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஆகவே ஐப்பசி வாக்கில் எங்களை ஜெர்மனியிலிருந்து கிளப்பி புளோரிடாவில் இறக்கிவிட வேண்டும் என்று அண்ணனும் தங்கையும் பேசி முடித்துவிட்டார்கள். பதினோரு மணி நேரம் விமானத்தில் மடங்கி உட்கார என் முழங்கால் சம்மதிக்கவில்லை. "அப்பா, அப்போ கப்பல்ல போங்க. அந்த சீசன்ல ரொம்ப மலிவு" என்றான் மகன்.

மலிவு என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. விசாரித்தால் விஷயம் நம் ஊர் விஷயம்தான். கோடையெல்லாம் மத்திய தரைக்கடலில் சுற்றும் உல்லாசக் கப்பல்கள், குளிர் வந்ததும் கரீபியன் பக்கம் போய்விடும். அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். அது ஓய்கிற நேரம் பார்த்துப் போய்ச் சேர்ந்தால் குளிர்கால வியாபாரம். சித்திரையில் மறுபடி ஐரோப்பாவுக்குத் திரும்பும். யார் வந்தாலும் வராவிட்டாலும் கப்பல் போயே ஆக வேண்டும். மதுரையில் ஆளை இறக்கிவிட்டுத் திருச்சிக்குக் காலியாகத் திரும்பும் டாக்ஸிக்காரர், விராலிமலை ஸ்டாப்பில் நம்மைப் பார்த்து "ரிட்டன் வண்டிதாண்ணே, கொடுக்கிறதைக் கொடுங்க" என்பாரே, அதேதான்.

நம் கடலிலும் இது நடக்கிறது. மும்பையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கார்டீலியா எம்ப்ரஸ் கப்பல், 2022 ஜூனில் மேற்குக் கரையில் பருவமழை பிடிக்கும் நேரத்தில் சென்னைக்கு வந்து ஓட ஆரம்பித்தது. அது 1990-இல் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல். நம் கைக்கு வருவதற்குள் பல பெயர் மாறி, பல கடல் பார்த்துவிட்டது.

மகன் இரண்டு கப்பல்களைக் காட்டினான். இரண்டும் பார்சிலோனாவில் கிளம்பும். இரண்டும் ஏறக்குறைய பதினான்கு இரவு. அதில் பாதி நாள் கரையே தென்படாது.

முதலாவது பெரிய கப்பல். 360 மீட்டருக்கு மேல் நீளம். அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே 5,400 பேருக்கு மேல் ஏறலாம். உள்ளே பனிச்சறுக்குத் தளம், கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கும் வசதி, நிஜச் செடிகள் வைத்த ஒரு முழுப் பூங்கா. சில அறைகளின் பால்கனி கடலைப் பார்க்காது. அந்தப் பூங்காவைப் பார்க்கும். இவ்வளவு பணம் கொடுத்து நடுக்கடலுக்குப் போய், கண்ணைத் திறந்தால் குரோட்டன்ஸ் செடி தெரியும்.

இரண்டாவது சின்னக் கப்பல். 181 மீட்டர், எழுநூறு பேருக்குக் குறைவு. பறக்கும் கம்பி கிடையாது. நூலகம் உண்டு. பயணிகளில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள், அல்லது என்னைத் தம்பி என்று கூப்பிடக்கூடியவர்கள்.

மச்சினன் உடனே பெரிய கப்பல் பக்கம் சாய்ந்தான். "மாமா, பெருசுன்னா ஆட்டம் கம்மி. சின்னதுல போனீங்கன்னா வாந்தி எடுத்தே பாதி கடலை ரொப்பிருவீங்க." அதில் நியாயம் உண்டு. கப்பல் பெரிதானால் ஆட்டம் குறைவுதான். சின்னதிலும் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கீழ்த்தளம் என்றதும் மனைவி, "அவ்வளவு தூரம் போறது நிலவறையில படுக்கவா?" என்றாள்.

நான் சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தேன். இதே வழியில்தான் 1492-இல் கொலம்பஸ் போனார். கனேரித் தீவுகளைத் தொட்டு, அங்கிருந்து செப்டம்பர் 6 கிளம்பி, அக்டோபர் 12 கரை கண்டார். மூன்று கப்பல்களில் பெரியது சாந்தா மரியா. அது கிறிஸ்துமஸ் அன்று தரை தட்டி உடைந்தது. ஊர் திரும்பியது சின்னக் கப்பலான நீனாவில். "பார்த்தாயா, கடைசியில் கரை சேர்த்தது சின்னதுதான்" என்றேன். மச்சினன் அசரவில்லை. "அந்தாளு இந்தியாவுக்குத்தானே மாமா கிளம்புனாரு? போய்ச் சேர்ந்தது எங்க? அவரை எல்லாம் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க."

அடுத்து அவன் கேட்ட கேள்வி எங்கள் ஊருக்கே உரியது. "சுருட்டு பிடிக்க விடுவாங்களா?" விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைப்பது வழக்கம், அந்த உரிமையில் மச்சினன் தன் பழக்கத்தையும் பக்திக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறான். இரண்டு கப்பலிலும் அறையிலோ பால்கனியிலோ பிடிக்கக் கூடாது. மீறினால் சில நிறுவனங்களில் 250 டாலர் அபராதம். "சாமிக்கே அனுமதிச்ச சாமானுக்கு அபராதமா?" என்று அவன் அன்றைக்கு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான். அவன் எங்களோடு வரவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

என் தாத்தாவுக்கு இந்தத் தலைவலியெல்லாம் இல்லை. அவர் பினாங்குக்குப் போன காலத்தில் இருந்தது ரஜுலா. 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டி, 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலாயா, சிங்கப்பூருக்கும் இடையே நடந்த கப்பல். 145 மீட்டர் நீளம்தான். ஒரு காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அதைப்போல் இரண்டரை மடங்கு நீளமான கப்பலில் இப்போது ஏறக்குறைய அதே கூட்டத்துக்குத் தனித்தனி அறையும் குளியலறையும். தாத்தா பாயை விரித்த இடம்தான் அறை. பக்கத்துப் பாய்க்காரர் புரண்டு படுத்தால் அறையின் அளவு மாறும். எந்தக் கப்பல் என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "முதல்ல வர்றது" என்றிருப்பார்.

மனைவி இதில் எதையும் காதில் வாங்கவில்லை. அவள் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, ஐப்பசி அமாவாசை கழிஞ்சா சஷ்டி ஆரம்பம். ஆறு நாள் விரதம். நடுக்கடல்ல வருது." கப்பல் டிக்கெட்டில் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்தி; நடு இரவிலும் ஏதாவது கிடைக்கும். "நான் சாப்பிடாத ஆறு நாளைக் கழிச்சுக் கொடுப்பாங்களா, கேளுங்க."

கழிக்க மாட்டார்கள். அதற்கு மேல் ஒரு சங்கடமும் உண்டு. மேற்கே போகும் கப்பலில் கடிகாரத்தை அவ்வப்போது ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். ஐரோப்பா நேரத்திலிருந்து புளோரிடா நேரத்துக்கு 6 மணி வித்தியாசம். அதைத் தவணை முறையில் வசூலிக்கிறார்கள். அந்த நாட்களுக்கெல்லாம் 25 மணி நேரம். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். என் மனைவிக்கு ஒரு மணி நேரம் கூடுதல் பட்டினி. "முருகன் பார்த்துக்குவான்" என்றாள். குரலில் முழு நம்பிக்கை இல்லை.

பிறகு செலவுக் கணக்கு. டிக்கெட் மலிவுதான். ஆனால் ஊழியர்களுக்கான டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் வரை தனியாக எழுதுவார்கள். இரண்டு பேர், பதினான்கு நாள்: 420 முதல் 560 டாலர். மனைவி அதை ரூபாயாக்கி, ரூபாயைத் தங்கமாக்கி, "டிப்ஸே அரைப் பவுன் வருது" என்று மூக்கில் விரலை வைத்தாள்.

மூட்டை முடிச்சு வேறு. விமானம் மாதிரி கப்பலில் கிலோ கணக்குப் பார்த்து நெருக்குவதில்லை என்றதும் வீட்டில் ஊறுகாய் ஜாடிகள் கிளம்பின. ஆனால் சூடு பண்ணும் மின்சாதனம் எதையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள், தீ பயம். ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் வாசலிலேயே பிடுங்கப்படும். கறிவேப்பிலையோ அமெரிக்கக் கரையில் தடை. அந்தச் செடியில் வரும் ஒரு பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோய் பரப்பும். புளோரிடா ஆரஞ்சுக்குப் பேர்போன ஊர். "ரசத்துல போடுற இலைக்கு இவ்வளவு பயமா!" என்று மனைவிக்கு அந்த நாட்டின் மீது முதல் முறையாக இளக்காரம் வந்தது.

கடைசியில் மலை ஏறினோம். பூக்கட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. பெரிய கப்பலுக்குச் சிவப்பு அரளி, சின்னதுக்கு வெள்ளை. ஒரு மாம்பழத்துக்காக மயிலில் உலகத்தையே சுற்றி வந்து, வந்தபோது பழம் அண்ணன் கைக்குப் போயிருந்ததைப் பார்த்த தெய்வம் அவர். பயண விஷயத்தில் அவர் சொன்னால் அனுபவத்தில் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சந்நிதியில் நின்ற ஒரு குழந்தை பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. சிவப்பு.

படி இறங்கும்போது நான் பெரிய கப்பலுக்கு மனத்தைத் தயார்படுத்திக்கொண்டிருந்தேன். மனைவி சொன்னாள்: "சின்னதுக்கே சொல்லிருங்க."

"சிவப்பு வந்ததே?"

"சிவப்பு வந்தா அது ஆகாதுன்னு நான் மனசுல வேண்டிக்கிட்டேன்."

காரணம் பிறகு தெரிந்தது. மகளிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறாள். பெரிய கப்பலில் துணியைக் காசு கொடுத்துத்தான் வெளுக்கப் போட வேண்டும். சின்னதில் நாமே துவைத்துக்கொள்ள மெஷின் இருக்கிறது, இஸ்திரி மேசையும் உண்டு. நீளம், ஆட்டம், பூங்கா, கொலம்பஸ் எல்லாம் அந்த மெஷினுக்கு முன்னால் நிற்கவில்லை.

எனக்கு இதில் ஒன்று புரிந்தது. உல்லாசக் கப்பல் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அது பதிவான ஊர்ப் பெயர் எழுதியிருக்கும்: நசாவ், வலேட்டா என்று. பல கப்பல்கள் அந்த ஊர்ப்பக்கம் அபூர்வமாகத்தான் எட்டிப் பார்க்கும். சீசனுக்கு ஒரு கடல். எங்கள் ரேஷன் கார்டிலும் விராலிமலை என்றுதான் இருக்கிறது. ஒரு பிரசவத்துக்கு ஜெர்மனி, இன்னொன்றுக்கு புளோரிடா. கப்பலைப் புயலும் குளிரும் நகர்த்துகின்றன. எங்களைப் பேரக்குழந்தைகளும் விசாவும். ஒரே ஒரு வித்தியாசம், நாங்கள் எப்போதும் முழு லோடோடுதான் போகிறோம்.

முடிவைச் சொன்னதும் மகள் சந்தோஷப்பட்டாள். "சித்திரையில அதே கப்பல் இந்தப் பக்கம் திரும்புதுப்பா. அதுலயே வந்துருங்க, எனக்கும் ஆள் வேணும்." திரும்பும்போது கடிகாரம் முன்னால் போகும், நாளுக்கு 23 மணி நேரம்தான் என்றேன் மனைவியிடம். அவள் சிறிது நேரம் யோசித்தாள்.

"கோயில்ல கேட்டுட்டு வாங்க. சஷ்டி விரதத்தை அந்த ட்ரிப்ல வச்சுக்கலாமான்னு."