சலுகை விலையில் காத்திருப்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதை எடுத்துக்கொண்டாலும் வளாகத்தின் நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கடை இருக்கும். பெயர் புத்தகக் கடை. புத்தகத்தைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நுழைந்ததும் எதிர்ப்படுவது பல்கலைக்கழகச் சின்னம் போட்ட பனியன், தொப்பி, காபிக் கோப்பை, சாவிக்கொத்து, போதாக்குறைக்கு 'இந்தப் பல்கலைக்கழக மாணவரின் அப்பா' என்று நெஞ்சில் அச்சடித்த சட்டை. இவை தீர்ந்துபோயின என்று யாரும் சொல்லிக் கேட்க முடியாது. கடையின் கோடியில் ஒரு மேசை. அதன்மேல் நாலைந்து லேப்டாப்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் எஃகுக் கம்பி. திறந்து பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். எடை பார்க்கலாமே என்று தூக்கினால் கம்பி இழுக்கும். விலைச்சீட்டில் இருக்கும் தொகை வெளிக்கடையைவிடக் குறைவு, மனம் குளிர்கிறது. இதைக் கொடுங்கள் என்று கேட்டால், கவுன்டரில் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர், "தாராளமா, ஆர்டர் போட்டுடலாம்" என்பார். அத்தோடு லேப்டாப் வாங்கும் படலம் முடிந்து, காத்திருக்கும் படலம் தொடங்குகிறது. அது சில சமயம் சில நாள், பல சமயம் சில வாரம். யோகம் இருந்தால் செமஸ்டர் பரீட்சைக்கு முன்னால் முடியும்.

இந்தத் தாமதத்தை விபத்து என்று நினைப்பவர்கள் கடைக்காரரைத் திட்டுகிறார்கள். அது அநியாயம். இந்தக் கடை இப்படி நடப்பதற்காகவே அமைக்கப்பட்டிருக்கிறது என்பதே என் கட்சி. வளாகக் கடை என்பது கடை வேஷம் போட்ட ஓர் அலுவலகம். கல்லாப்பெட்டி, விலைச்சீட்டு, கைப்பை எல்லாம் இருந்தாலும் உள்ளே ஓடுவது மனு, ஒப்புதல், பரிசீலனை. மாணவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியைக் கல்விக்கான கொடை என்று எல்லோரும் புகழ்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது காத்திருந்ததற்கான கூலி. கூலியை முன்பணமாகவே கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் வேலையை நாம் செய்துதானே ஆக வேண்டும்?

முதலில் கடைக்காரர் பக்கத்து நியாயம். பனியனில் கிடைக்கும் லாபம் லேப்டாப்பில் கிடையாது. கல்விச் சலுகை விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் கணினி நிறுவனம். அதில் கடைக்கு மிஞ்சுவது சொற்பம். ஆயிரம் டாலர் லேப்டாப் நூறு வாங்கி அடுக்கினால் ஒரு லட்சம் டாலர் அலமாரியில் தூங்கும். தூங்கினாலும் பரவாயில்லை, தூக்கத்திலேயே அதற்கு வயதாகிவிடும். இலையுதிர் காலத்தில் புது மாடல் வந்தால் பழையதை யாரும் சீந்த மாட்டார்கள். பனியனுக்கு அந்தப் பயம் இல்லை. சென்ற வருஷப் பனியனில் இருப்பதும் அதே கழுகு, அதே புலி. எனவே புத்திசாலியான நிர்வாகி என்ன செய்வார்? பனியனை வாங்கி அடுக்குவார், லேப்டாப்பைக் காட்சிக்கு வைப்பார். முதலில் நம் பணம், பிறகு அவர் ஆர்டர், அதன் பிறகு தொழிற்சாலையின் சம்மதம். வாடிக்கையாளர் பணத்தில் சரக்கு எடுக்கும் இந்த முறையில் நஷ்டப்பட வழியே இல்லை. காத்திருப்பு என்பது கணக்குப் புத்தகத்தில் செலவாகப் பதிவாவதில்லை. அது மாணவர் பக்கத்துக் கணக்கு.

இதோடு காலண்டரும் சேர்ந்துகொள்கிறது. ஆகஸ்ட் மத்தியில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை நாடு முழுக்கப் பெரும்பாலான கல்லூரிகளில் வகுப்புகள் திறக்கின்றன. அத்தனை கல்லூரிகளிலும் அத்தனை முதலாண்டுப் பிள்ளைகளும் அதே மூன்று நான்கு வாரத்தில் கேட்கிறார்கள். தீபாவளி என்றைக்கு வரும் என்று தெரியாத ஜவுளிக்கடை உலகத்தில் உண்டா? ஆனால் ஆகஸ்ட் வருவது வளாகக் கடைக்கு ஒவ்வொரு வருஷமும் திடீர்ச் செய்தி. போதாததற்கு, ஒவ்வொரு துறையும் ஒரு சிபாரிசுப் பட்டியல் வெளியிடுகிறது. பொறியியல் துறைக்கு 32 ஜிபி நினைவகம், கட்டடக்கலைக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு என்று அது போகும். இப்போதைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். பிற்பாடு சேர்த்துக்கொள்ள முடியாது. ஆக, துறை கேட்ட அளவில் வேண்டுமானால் தொழிற்சாலையிலேயே செய்து வர வேண்டும். சாதாரண மாடல் அமெரிக்கக் கிடங்கிலிருந்து வரும். துறை சொன்ன மாடல் பெரும்பாலும் ஆசியாவில் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பேராசிரியரின் பேச்சைக் கேட்ட மாணவர் கடைசியில் பெறுகிறார். கேட்காதவர் சில நாளிலேயே பெறுகிறார். ஒழுக்கம் பற்றி முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படும் பாடம் இது.

"உலகத்தில் என்னென்னவோ நடக்கிறது, கடை என்ன செய்யும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. உலகம் முழுக்க விலை ஏறியது. 2018இல் இன்டெல் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2020இல் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் லேப்டாப் கேட்டது. 2022 வசந்தத்தில் ஷாங்காய் ஊரடங்கில் லேப்டாப் தயாரிக்கும் குவான்டா ஆலை முடங்க, மேக்புக் ப்ரோ கேட்டவர்கள் வாரக்கணக்கில் நின்றார்கள். இவற்றையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்தது, சில்லு வந்தது, ஷாங்காய் திறந்தது. வளாகக் கடையின் பதிலோ மாறவே இல்லை. மேலும், இந்த நோய் லேப்டாப்பைவிட வயதில் மூத்தது. வெள்ளமோ கிருமியோ இல்லாத காலத்திலேயே இது முழு வளர்ச்சி அடைந்திருந்ததற்குச் சரித்திரச் சான்று உண்டு.

பிலடெல்பியாவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகம், 1983 இலையுதிர் காலத்தில் சேரும் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கணினி இருக்க வேண்டும் என்று விதி போட்டது. அமெரிக்காவிலேயே முன்னோடியான விதி, பத்திரிகைகள் பாராட்டின. குழு அமைத்து, ஆராய்ந்து, ஒரு கணினியைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியில் இரண்டாயிரத்து ஐந்நூறு டாலரை ஒட்டி விற்கப்போகும் பொருள், மாணவருக்குச் சுமார் ஆயிரம் டாலர். சங்கடம் ஒன்றே ஒன்று: தேர்ந்தெடுத்த அந்தக் கணினி அப்போது சந்தையில் இல்லை. அது ஆப்பிள் நிறுவனத்தின் மெகின்டாஷ். அது அறிமுகமானதே 1984 ஜனவரி 24ஆம் தேதி. அதுவரை ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் வேறு. ஆகவே மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள், விதி வந்து சேர்ந்தது, கணினி வந்து சேரவில்லை. முதல் பருவத்தைக் கணினி இல்லாமலே முடித்துவிட்டு, 1984இல்தான் பெட்டியைக் கையில் வாங்கினார்கள். கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய பொருளைக் கட்டாயமாக வைத்திருக்க முடியாத நிலை என்பதைப் பார்க்க இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. இதையும் சொல்ல வேண்டும்: டிரெக்ஸல் அந்தத் துணிச்சலுக்காக இன்றும் நினைவுகூரப்படுகிறது, அது சரியும்கூட. தாமதத்தை மறக்கடிப்பதில் வெற்றிக்கு நிகரில்லை.

அடுத்த சான்று இன்னும் சுவையானது. ஆப்பிளை விட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் 1985இல் நெக்ஸ்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். உயர்கல்விக்காகவே ஒரு கணினி, பல்கலைக்கழகங்கள் வழியாகவே விற்பனை என்பது திட்டம். 1987இல் வந்துவிடும் என்றார்கள். 1988 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் இசையரங்கம் ஒன்றில் கோலாகலமாக அறிமுகம் செய்தார்கள். விலை 6,500 டாலர். மாணவர் வாங்கும் விலையா இது என்று வளாகங்கள் வாயைப் பிளந்தன. இயங்குதளத்தின் முதல் முழுப் பதிப்பு வர 1989 செப்டம்பர் ஆயிற்று. வளாகத்தை மட்டும் நம்பி ஓட்ட முடியாது என்று அதற்குள் வெளிக்கடைக்கும் போய்விட்டார்கள். இங்கேதான் விதியின் விளையாட்டு. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ வையவிரி வலையை உருவாக்கியது ஒரு நெக்ஸ்ட் கணினியில். அந்த நெக்ஸ்ட் மென்பொருளின் வாரிசுதான் இன்றைய மேக்புக்கில் ஓடுகிறது. அதாவது, தாமதமாக வந்த கல்லூரிக் கணினியில் பிறந்த வலையில்தான், தாமதமாக வரும் கல்லூரிக் கணினி எந்த ஊரில் நிற்கிறது என்று இன்றைய மாணவர் நாளுக்குப் பத்துத் தடவை பார்க்கிறார். குலத்தொழில் கைவிடவில்லை.

"இவ்வளவு தொல்லை என்றால் வெளிக்கடையில் வாங்கித் தொலைக்கலாமே" என்பது அடுத்த ஆட்சேபம். கையில் காசு உள்ளவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். நகைச்சுவை இந்த இடத்தில் கொஞ்சம் கசக்கத் தொடங்குகிறது. அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவிப் பணம் வழக்கமான செமஸ்டர் முறையில் வகுப்பு தொடங்க 10 நாள் இருக்கும்போதுதான் விடுவிக்கப்படலாம், அதற்கு முன்னால் கூடாது. முதன்முறையாகக் கடன் வாங்கும் முதலாண்டு மாணவருக்கு, சில கல்லூரிகளில், வகுப்பு தொடங்கி 30 நாள் ஆன பிறகே கடன் பணம். இந்தக் கஷ்டத்தை அரசும் உணர்ந்திருக்கிறது. கட்டணம் போக உதவித்தொகை மிஞ்சும் தகுதியுள்ள மாணவர், புத்தகமும் படிப்புச் சாமான்களும் பெற 7ஆம் நாளுக்குள் வழிசெய்து தர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. கல்லூரிகள் கண்டுபிடித்த சுலபமான வழி, வளாகக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் கடன் வசதி. சில வளாகங்களில் அதில் லேப்டாப்பும் வாங்கலாம். ஆக, 7ஆம் நாள் விதி நிறைவேறிவிடுகிறது. மாணவர் கையில் வாங்கும் உரிமை இருக்கிறது, கடையில் வாங்கும் பொருள் இல்லை. அப்பா கடனட்டை கொடுத்த பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வாங்கித் திங்கட்கிழமை வகுப்பில் திறந்து உட்காருகிறது. உதவித்தொகைப் பிள்ளை, நூலகம் இரவல் தரும் லேப்டாப்புக்கு வரிசையில் நிற்கிறது. சலுகை யாருக்காக ஏற்பட்டதோ அவர்களே அதிக நாள் கூலி வேலை செய்கிறார்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் மேல் என் உண்மையான புகார்.

கடைக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தள்ளுபடி பொய்யில்லை. கணினி பழுதானால் வளாகத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கலாம். சில இடங்களில் பழுது பார்க்கும்வரை மாற்றுக் கணினியும் தருகிறார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் திரை கறுத்துப்போனவருக்கு இதன் அருமை தெரியும். பாடத்துக்கு வேண்டிய மென்பொருள் அதில் ஓடும் என்ற உறுதியும் உண்டு. லாபத்தில் ஒரு பங்கு மாணவர் நலனுக்குப் போகும் வளாகங்களும் உள்ளன. இத்தனையையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை எல்லாம் பொருள் வந்த பிறகு கிடைக்கும் நன்மைகள். வராத கணினி பழுதாவதில்லை என்பது உண்மையே. ஆனால் காத்திருந்த நாட்களை உத்தரவாதக் காலத்தில் சேர்த்துக்கொள்ள முடியாது.

தாமதத்தை ஒழியுங்கள் என்று நான் கேட்கவில்லை. தொழிற்சாலை தூரத்தில் இருக்கிறது, கடல் பெரியது. கேட்பது தேதி. "செயலாக்கத்தில் உள்ளது" என்று ஒரு வாரமும், "தயாராகிறது" என்று ஒரு வாரமும், "தயாரானதும் தெரிவிப்போம்" என்று ஒரு வாரமும் சொல்வது தகவல் ஆகாது. அது மரியாதையாக வாயை அடைப்பது. நம் ஊர் ரேஷன் கடையைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். அங்கே வாசலில் இருப்புப் பலகை என்று ஒன்று தொங்கும். சர்க்கரை எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கும். இல்லை என்றால் இல்லை. நோபல் பரிசு பெற்றவர்கள் நடமாடும் வளாகத்தில் அப்படி ஒரு பலகை மாட்டுவது முடியாத காரியம் இல்லை. எந்த மாடல் கையிருப்பில் இருக்கிறது, எது எத்தனை வாரம் ஆகும் என்று பணம் வாங்குவதற்கு முன்னாலேயே எழுதிவைக்கட்டும். சொன்ன தேதிக்கு வராவிட்டால் கழிவில்லாமல் பணத்தைத் திருப்பித் தரட்டும். உதவித்தொகை மாணவர் எத்தனை பேர் என்று நிதி அலுவலகத்துக்கு ஜூலையிலேயே ஏறக்குறையத் தெரியும். அத்தனை சாதாரண மாடல்களையாவது ஆகஸ்டுக்கு முன்னால் வாங்கி வைக்கட்டும். பனியனில் வரும் லாபம் அந்த வட்டியைத் தாங்கும்.

கடைசியாக, பிள்ளையை அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க அனுப்பும் நம் ஊர்ப் பெற்றோருக்கு. வெளிநாட்டு மாணவருக்கு அந்த மத்திய அரசு உதவியெல்லாம் கிடையாது. எனவே வளாகக் கடைதான் கதி என்ற கட்டாயமும் கிடையாது. அங்கே போய்ச் சலுகையில் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு விமானம் ஏற்றாதீர்கள். துறையின் சிபாரிசுப் பட்டியலை முன்கூட்டியே இறக்கிப் பாருங்கள். அதற்குத் தோதான ஒன்றை இங்கேயே வாங்கி, அங்கும் செல்லுபடியாகும் உத்தரவாதம் உண்டா என்று கேட்டு எழுதி வாங்கி, கைப்பையில் வைத்து அனுப்புங்கள். அங்கேதான் வாங்க வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், பணம் கட்டுவதற்கு முன் கவுன்டரில் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "பெட்டி உள்ளே இருக்கிறதா?" இருந்தால் அன்றைக்கே வாங்கட்டும். இல்லை என்றால் ஒரு பனியனை வாங்கிக்கொண்டு வெளியே வரட்டும். அது கட்டாயம் கையிருப்பில் இருக்கும்.