அரசிதழ் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ அரசிதழ் அவர்களின் திவ்ய சமூகத்துக்கு, தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் விவசாயி எழுதிக்கொண்டது.

போன வாரம் பயிர் இன்சூரன்ஸ் விஷயமாக ஓர் ஆபீஸுக்குப் போனேன். அறுப்புக்கு நின்ற குறுவை மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டுவிட்டது. கையோடு ஒரு கொத்துக் கொண்டுபோயிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி அதைத் தொடவே இல்லை. "ஐயா, குறுவை நோட்டிஃபை ஆகலையே" என்றார். நட்டாயிற்று, களை பறித்தாயிற்று, உரக்கடையில் கடனும் சொல்லியாயிற்று. பயிர் மட்டும் இல்லையாம். தங்களில் அச்சேறாத நெல்லுக்கு முளைக்க என்ன துணிச்சல்!

நோட்டிஃபை என்றால் ஆங்கிலேயனுக்கு ஆளைப் பார்த்துச் சேதி சொல்வது. நம் சட்டத்தில் அந்த அலைச்சல் கிடையாது. தங்கள் பக்கத்தில் ஒரு வரி வந்தால் ஊருக்கே சொன்னதாகக் கணக்கு. நிலம் நோட்டிஃபை ஆகும், நிலத்துக்காரனிடம் மூச்சு விடமாட்டார்கள்.

தங்கள் மகிமை டெல்டாவுக்குப் புதிதல்ல. 1990-இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று, தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்று இறுதித் தீர்ப்பு சொன்னது. ஆனால் 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தாங்கள் அச்சிட்டால்தான் அதற்கு உயிர். தாங்கள் மனமிரங்கியது 2013 பிப்ரவரி 19-இல். அதுவரை ஆற்றில் வந்ததெல்லாம் நோட்டிஃபை ஆகாத தண்ணீர். நாங்கள் தின்றதும் நோட்டிஃபை ஆகாத சோறு.

ஆறு வருஷம்! ஒரு தாளை அச்சடிக்க ஆறு வருஷமா? 2012-இல் குறுவைக்கு மேட்டூர் திறக்கவில்லை, வயல் வெடித்துக் கிடந்தது. அப்போது அந்தத் தாள் யார் மேஜையில் தூங்கியது? அவர்கள் வீட்டில் உலை வைத்தார்களா, இல்லையா?

மன்னிக்கவும், வாய் தடித்துவிட்டது. நல்ல அச்சுக்கு நேரம் பிடிக்கத்தானே செய்யும். 2018-இல் தாங்கள் காட்டிய சுறுசுறுப்பையும் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 419-ஐ 404.25 ஆக்கி, ஆறு வாரத்தில் ஸ்கீம் போடச் சொன்னது. கெடு முடிந்த பிறகு, ஸ்கீம் என்றால் என்ன என்று விளக்கம் கேட்டுப் போனது மத்திய அரசு. கர்நாடகத்தில் ஓட்டுப்பதிவு நல்லபடியாக முடிந்தது. ஜூன் 1-இல் அந்த ஸ்கீம்படி காவிரி மேலாண்மை ஆணையம் தங்களில் ஏறியது. பழைய ஆறு வருஷத்தைப் பார்த்தவர்களுக்கு அது மின்னல் வேகம்.

ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்பது எங்கள் ஊர் மாட்டுக்கும் தெரியும். அதைத் தாங்கள் சொல்லவில்லை. ஒருவேளை அதனால்தான் 2024-இல் ஜூலைக் கடைசிவரை தண்ணீர் வரவில்லையோ என்னவோ.

ஆகவே சமூகம் தயைகூர்ந்து, அடுத்த குறுவையை விதை விடுவதற்கு முன்பே நோட்டிஃபை செய்ய வேண்டும். கூடவே, எந்தெந்த சர்வே நம்பரில் எந்தத் தேதியில் எத்தனை சென்டிமீட்டர் பெய்யலாம் என்றும் ஓர் அட்டவணை.

இப்படிக்கு,
நோட்டிஃபை ஆகாத குடியானவன்

நகல்: வடகிழக்குப் பருவமழைக்கு, தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்.