கம்பெனியின் தாராள மனசு

அமெரிக்காவில் தருமம் தழைத்த ஆண்டு எது என்றால் 1862ஐத்தான் சொல்ல வேண்டும். மே மாதம் ஒரு சட்டம் போட்டு, குடியேற வந்த ஏழைக்கு 160 ஏக்கர் கொடுத்தார்கள். ஐந்து வருடம் அங்கேயே கிடந்து பாடுபட்டால் நிலம் அவனுக்குச் சொந்தம். ஜூலையில் ரயில்வே கம்பெனிக்கும் கொடுத்தார்கள். அது போதாதென்று இரண்டு வருடம் கழித்து இரட்டிப்பாக்கினார்கள்: போடுகிற பாதைக்கு மைலுக்கு 12,800 ஏக்கர். எண்பது ஏழைகளின் பங்கு ஒரு மைலுக்கு. பாவம், கம்பெனிக்குக் குடும்பம் பெரிசு.

நெப்ராஸ்காவில் அப்படிக் குடியேறிய ஒருவரின் மகனை எடுத்துக்கொள்வோம். மரமே இல்லாத புல்வெளி. புல்லும் வேருமாக வெட்டியெடுத்த மண்கட்டியில்தான் வீடு. 1874இல் வெட்டுக்கிளி வந்து வயலைத் துடைத்துவிட்டுப் போனது. நன்றாக விளைந்த வருடத்திலோ மக்காச்சோளத்தின் விலையில் ரயில் கட்டணம் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டால், அடுப்பில் போட்டு எரிப்பதே லாபமாக இருந்தது. எரித்தார்கள். விறகில்லாத ஊருக்கு விறகு கொடுத்த புண்ணியமும் கம்பெனிக்கே.

அப்பன் நிலத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் பிழைப்பு ஏது? அந்தப் பாரத்தையும் கம்பெனியே சுமந்தது. மகன் சரக்கு வண்டியில் பிரேக்மேன் ஆனான்.

அந்த வேலையின் சுகமே தனி. காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. ஓடுகிற பெட்டிகளின் கூரைமேல், பனி உறைந்த பலகையில் நடந்து, பெட்டிக்குப் பெட்டி தாவி, பிரேக் சக்கரத்தைக் கையால் முறுக்க வேண்டும். பெட்டிகளைக் கோப்பது இன்னும் நயமான கலை. நிற்கிற பெட்டிக்கும் வருகிற பெட்டிக்கும் நடுவில் நின்று, இரும்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்து, எதிர்ப்பெட்டியின் வாய்க்குள் நுழைத்து, முளையை இறக்க வேண்டும். கையை ஒரு கணம் முந்தி எடுத்தால் வளையம் சரிந்துவிடும். ஒரு கணம் பிந்தினால் விரல் அங்கேயே தங்கிவிடும். வேலை கேட்டு வருகிறவனிடம் சான்றிதழ் கேட்டுத் தொல்லை கொடுப்பதில்லை என்பார்கள். இரண்டு விரல் குறைந்திருந்தால் அனுபவசாலி.

1889 ஜூன் வரையிலான ஒரே வருடத்தில் ரயில்வே ஊழியர்களில் ஏறக்குறைய 2,000 பேர் செத்தார்கள், 20,000 பேர் காயப்பட்டார்கள். போர்க்களத்துச் சிப்பாய்க்குள்ள ஆபத்து இவர்களுக்கும் இருக்கிறதே என்று ஜனாதிபதி ஹாரிசனே வருந்தினார். கம்பெனிகள் கலங்கவில்லை. கீதை படிக்காமலே ஸ்திதப்பிரக்ஞர்கள்.

கை போனவனுக்குக் காசு கொடுத்து அவன் மானத்தை வாங்கும் வழக்கமும் இல்லை. மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா 1842லேயே வழிகாட்டியிருந்தார். ஒரு ஊழியர் பாதையை மாற்றிவிடுவதில் செய்த பிழையால் எஞ்சின் டிரைவர் ஒருவரின் கை நசுங்கிய வழக்கு அது. கூட வேலை பார்ப்பவன் செய்த தப்புக்கு முதலாளி என்ன செய்வார்? தவிர, ஆபத்துக்கும் சேர்த்துத்தானே சம்பளம்! வாங்கிய கூலியிலேயே கையின் விலையும் அடக்கம் என்று கண்டுபிடிக்க எப்பேர்ப்பட்ட மூளை வேண்டும்.

1869இல் வெஸ்டிங்ஹவுஸ், கூரைமேல் யாரும் ஏறாமலே போடக்கூடிய காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1873இல் ஜேனி, தானாகவே கோத்துக்கொள்ளும் இணைப்புக்கு வாங்கினார். பயணிகள் வண்டிக்குக் காற்றுப் பிரேக் சீக்கிரமே வந்தது. டிக்கெட் வாங்கியவன் உயிராயிற்றே. சரக்கு வண்டி விஷயத்தில் கம்பெனிகள் பதறவில்லை. நிதானமாக யோசித்தார்கள், இருபது வருடம். அதற்குள் லோரன்சோ காஃபின் என்ற அயோவா விவசாயி ஊர் ஊராகப் போய்க் கத்தி, 1893இல் சட்டமே கொண்டுவரச் செய்துவிட்டார். 1898க்குள் இந்த இரண்டையும் சரக்கு வண்டிக்கும் கொண்டுவரச் சொன்னது சட்டம். அவசரத்தில் எதையும் செய்யக் கூடாதல்லவா? தவணை கேட்டு 1900 வரை இழுத்தார்கள்.

அப்புறம் யார்டுக்கு வேலை கேட்டு வந்த பையன்களில் பலருக்குப் பத்து விரலும் இருந்தது. இதில் எவன் அனுபவசாலி என்று எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ!