இருபெயரொட்டுப் பெண்மக்கள்: திருப்பத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முதலில் ஆய்வெல்லை. தமிழ்நாட்டில் திருப்பத்தூர் என்று கேட்டால் சிவகங்கைப் பக்கம் கைகாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இக்கட்டுரைக்கு அவர்களோடு வழக்கில்லை. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து, ஆம்பூரையும் வாணியம்பாடியையும் நாட்றம்பள்ளியையும் சேர்த்துக்கொண்டு தனி மாவட்டமான திருப்பத்தூரே நம் களம். ஆய்வுப்பொருள், பெண் குழந்தைக்கு இரண்டு பெயரை ஒட்டி ஒன்றாக வைக்கும் வழக்கம். ஆண் குழந்தைகள் ஆய்விலிருந்து விலக்கப்பட்டனர். அங்கே தாத்தா பெயர் என்ற ஒரே வரியில் விஷயம் முடிந்துபோவதால் ஆய்வாளனுக்கு வேலையில்லை.

இரட்டைப் பெயர் ஏன் தோன்றுகிறது? இவ்வட்டாரத்தைப் பார்த்ததும் எழும் முதல் கருதுகோள், ஷூ கம்பெனிக் கருதுகோள். ஆம்பூரில் உற்பத்திக் கணக்கு ஜோடிக் கணக்கு. ஒற்றைக் கால் ஷூ கணக்கிலேயே வராது. அந்த வேலையில் பாதி ஊர் இருக்கையில், பெயரையும் ஜோடியாகக் கேட்பது இயல்புதானே? கேட்க அழகாக இருந்தாலும் இக்கருதுகோள் நிற்காது. தோல் வாசனையே படாத ஏலகிரி மலைமேலும் தன்யஸ்ரீக்கள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள்.

உண்மைக் காரணம் கட்சி அரசியல். தொட்டில் போடும் நாளுக்குள் நான்கு கட்சிகள் களமிறங்கிவிடுகின்றன. குலதெய்வத்தின் பெயர் எங்காவது வர வேண்டும் என்பது அப்பா வீட்டு ஆயாவின் நிலைப்பாடு. பிரசவம் பார்த்தது தாங்கள் என்பதால் தங்களுக்கும் ஒரு பங்குண்டு என்பது அம்மா வீட்டு ஆயாவின் வாதம். ஜோசியர் 27 நட்சத்திரத்தை நாலு நாலு பாதமாக வெட்டி, 108 எழுத்தில் ஒன்றை நீட்டுவார். ரோகிணி இரண்டாம் பாதம் என்றால் ‘வ’ வேண்டும். குழந்தையின் தாயோ, பெயரில் ‘ழ’ வந்தாலொழிய கையெழுத்துப் போட மாட்டேன் என்று படுத்த படுக்கையிலேயே அறிவித்திருப்பாள். இந்த நான்கும் ஒரே பெயருக்குள் அடங்காது. அடங்காதபோது ஒட்டு விழுகிறது. ஆகவே இரட்டைப் பெயரைப் பெயர் என்று கொள்வதைவிட உடன்படிக்கை என்று கொள்வதே பொருந்தும். அப்பாவின் பெயர் இதில் எங்கே என்று கேட்பவர்களுக்கு: அவருக்கு இனிஷியல் என்ற நிரந்தர இடஒதுக்கீடு இருக்கிறது, அவர் பேச வேண்டியதில்லை.

ஒட்டுக்குப் பசையாக உதவுவது ‘ஸ்ரீ’. இதன் இடப்பெயர்ச்சி தனி நூலுக்குரியது. பெயருக்கு முன்னால் இருந்தவரை அது மரியாதை. கடவுளுக்கும் மடாதிபதிக்கும் கல்யாணப் பத்திரிகை மாப்பிள்ளைக்கும் உரியது. ஜெயஸ்ரீக்கள் பிறந்த காலத்திலேயே பின்பக்கம் நகரத் தொடங்கி, இன்று பெயரின் கடைசியில் ஸ்ரீ இருந்தால் பெண் குழந்தை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். எந்தப் பெயரோடும் ஒட்டும், எந்தக் கட்சியையும் பகைக்காது.

இனி இலக்கணம். கவலைக்குரிய பகுதி இதுதான். ஒரு வீட்டு ஆயா காமாட்சி, இன்னொரு வீட்டு ஆயா முனியம்மா என்று வைத்துக்கொள்வோம். இருவரையும் திருப்திப்படுத்தப் பேத்திக்குக் காமாட்சிமுனியம்மா என்று பெயரிட்டால் அது காமாட்சியும் முனியம்மாவும் என விரியும், எனவே உம்மைத்தொகை. நன்னூல் விதிப்படி உயர்திணை உம்மைத்தொகை பலர்பால் ஈறு பெற்றுத்தான் நிற்க வேண்டும். சேர சோழ பாண்டியர் என்பதுபோல. ஆக, தொட்டிலில் கிடக்கும் மூன்று கிலோ குழந்தை இலக்கணப்படி பன்மை. ‘காமாட்சிமுனியம்மா பால் குடித்தாள்’ என்பது வழு. ‘குடித்தார்கள்’ என்பதே சரி. ரேஷன் அட்டையில் இரண்டு பேராகச் சேர்க்க விண்ணப்பிக்கலாமா என்பதை வழங்கல் துறையின் முடிவுக்கு விட்டுவிடுகிறேன்.

எதிர்வாதமும் உண்டு. இங்கே சொல்லப்படுவது காமாட்சியும் அல்ல, முனியம்மாவும் அல்ல. இருவருக்கும் அப்பாற்பட்ட ஒரு மூன்றாவது ஆள். எனவே இது அன்மொழித்தொகை, ஒருமை போதும் என்பர். இலக்கணத்தில் இதற்கு இடமிருக்கலாம். வீட்டில் இல்லை. இரண்டு ஆயாக்களும் உயிரோடு எதிரெதிரே உட்கார்ந்திருக்க, ‘உங்களைக் குறிக்கவில்லை’ என்று சொல்லும் துணிச்சல் எந்தப் புலவருக்கும் வராது.

ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் வீடுகளுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. ஃபாத்திமா பீவி, ஆயிஷா பேகம் என்னும்போது முன்னது சிறப்புப் பெயர், பின்னது பொதுப் பெயர். இலக்கணம் இருபெயரொட்டு என்று சொல்வது அச்சு அசலாக இதைத்தான். ஆயிஷா சித்தீக்கா என்பதிலோ பின்னது அந்தப் பெருமாட்டிக்கே வழங்கிய சிறப்புப் பட்டம். பெயரும் பட்டமும் ஒன்றாகவே வருகின்றன, பேரம் இல்லை. கிறித்தவ வீடுகளில் ஆரோக்கிய மேரி, ஜான்சி மேரி என்று பின்னால் வரும் மேரி, சிறப்புப் பெயராகப் பிறந்து பொதுப் பெயராகப் பணியாற்றுகிறது. சண்டை பெரும்பாலும் இரண்டும் சிறப்புப் பெயராக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் வீடுகளில்தான்.

முன்னோர் வழக்கு என்ன? சிலப்பதிகாரத்தில் மாதவியின் மகளுக்குப் பெயர் என்ன என்ற பேச்சை எடுப்பவர்கள் மூத்த கணிகையர். முடிவாகச் சொல்பவன் கோவலன். தன் முன்னோன் ஒருவனைக் கடலில் காப்பாற்றிய குலதெய்வத்தின் பெயர், மணிமேகலை. மணியும் மேகலையும் சேர்ந்து இரட்டைபோலத் தோன்றினாலும் அது ஒரே தெய்வத்தின் பெயர். பாட்டி சித்திராபதியின் பெயரில் ஓர் எழுத்துகூடச் சேரவில்லை. திருப்பத்தூரில் இப்படி நடந்திருந்தால் காப்பியம் தொட்டில் நாளோடு நின்றிருக்கும்.

உள்ளூர் வரலாறோ எதிர்த்திசையில் ஓடுகிறது. 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஃபாரஸ்டர் பேட்டன் என்ற குடும்பப் பெயரே இரட்டைக் குழல். ஊர் அதை எல்லாம் உருட்டிக்கொண்டிருக்கவில்லை. ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன், அவ்வளவுதான். திருப்பத்தூர் அன்று சேர்ந்திருந்த மாவட்டத்துக்கும் இதே கதி. 1989இல் வட ஆற்காடு அம்பேத்கர் என்று நீண்ட பெயர், சில ஆண்டுகளில் வேலூர் என்று மூன்றெழுத்தாகச் சுருங்கியது.

மாவட்டத்திலேயே பெயர் விஷயத்தில் கட்டுப்பாடுள்ள இடம் ஆலங்காயத்தை அடுத்த காவலூர் வானாய்வகம். 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். முன்னால் 4130 என்ற எண், இனிஷியல்போல. சிறுகோளின் பெயர் ஆங்கில எழுத்தில் 16க்குள் இருக்க வேண்டும், கூடியவரை ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் விதி. சூரியனைச் சுற்றும் பாறைக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு ஜவ்வாது மலையடிவாரத்துக் குழந்தைக்கு இல்லை.

இப்போது நடைமுறை. இரட்டைப் பெயரின் உண்மையான எதிரி நடுவே விடும் இடைவெளி. ‘வர்ஷா யாழினி’ என்று பிரித்து எழுதினால், பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பும் கடைக்காரர் யாழினியைக் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குத் தள்ளிவிடுவார். பிறப்புச் சான்றிதழில் சேர்த்து, ஆதாரில் பிரித்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு என மூன்று விதமாக அச்சாகி, ஒரே பெண் மூன்று பெண்களாக வரிசையில் நிற்க வேண்டிவரும். நன்னூல் சொன்ன பன்மை இங்கேதான் பலிக்கிறது. ஒற்றைப் பெயரே மேல் என்றும் சொல்வதற்கில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு சொல் மட்டும் பெயராக உள்ள சுற்றுலாப் பயணிகளை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது கலங்கியவர்களில் தமிழர்கள் ஏராளம்.

இத்தனை பாடுபட்டு வைத்த பெயர் தெருவில் என்ன ஆகிறது என்பதே ஆய்வின் கடைசிக் கேள்வி. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் தாய், வாசலிலிருந்து ‘வர்ஷாயாழினிஸ்ரீ, டிபன் பாக்ஸ எடுத்துக்கோ’ என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அவள் சொல்வது ‘ஏ பாப்பா’. அதைக் கேட்டு எதிர்வீட்டுக் குழந்தையும் திரும்பிப் பார்க்கும். இரண்டு ஆயாக்களும்கூடத் தாங்கள் போராடிப் பெற்ற பாதியைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இருவருக்கும் அது அம்மு.

என் தீர்ப்பு: இரட்டைப் பெயர் வைக்கலாம், தவறில்லை. ஆனால் இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுங்கள். எல்லாச் சான்றிதழிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். இரு வீட்டாருக்கும் ஒரு விண்ணப்பம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணம். பேச்சுவார்த்தையை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.