ஓட்டை மாமா

தேனியில் பஸ் ஏறிக் கூடலூரில் இறங்குவதற்குள் நாலு ஊரிலாவது இவரைப் பார்த்துவிடலாம். பட்டாளத்திலிருந்து வந்தவர், அல்லது அப்படி வந்தவருக்கு மச்சான். பஸ் போர்டைப் படிக்கப் பக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடப் பையனைத்தான் கேட்பார். ஆனால் குறி வைத்துச் சுட்ட காகிதத்தில் விழுந்த ஓட்டை மட்டும் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

கல்லூரி என்.சி.சி.யில் எங்களைச் சுடுவதற்கு அழைத்துப்போன அன்றைக்குத்தான் மாமா அறிமுகமானார். கூட்டாளி ஒருத்தனுக்குத் தாய்மாமன். பழைய பட்டாளத்தார் என்ற மரியாதைக்குப் புளிய மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். பாயிண்ட் டூ டூ ரைஃபிள், 25 மீட்டர், ஆளுக்கு ஐந்து குண்டு. குப்புறப் படுத்துச் சுட்டுவிட்டுத் தலையைத் தூக்கினால், காகிதம் அச்சடித்து வந்த மேனிக்கு அப்படியே இருக்கிறது.

"மாப்ள, மேல ஒண்ணு, அங்கிட்டு ரெண்டு. நாலாவத இழுத்துட்டியேடா!"

"அஞ்சாவது எங்க மாமா?"

"தெரியலைல்ல? அப்பக் கறுப்புக்குள்ள போயிருச்சு. புல்லுடா, புல்லு!"

மாமாவின் தொழில் ரகசியமே இந்தக் கடைசி வரிதான். வெள்ளையில் விழுந்த ஓட்டை கறுப்புப் புள்ளியாகக் கொஞ்சமாவது கண்ணில் படும். நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தில் விழுந்தது கறுப்போடு கறுப்பாகக் கரைந்துவிடும். மோசமாகச் சுட்டவன் மானம் ஊருக்கே தெரியும், நன்றாகச் சுட்டவன் பெருமை அவனுக்கே தெரியாது. கடவுள் இந்த விளையாட்டை இப்படித்தான் படைத்திருக்கிறார். ஆகவே தெரியாத ஓட்டை எல்லாம் மாமா கணக்கில் புல், அதாவது 'புல்ஸ் ஐ'.

கண்ணைச் சொல்லியும் குற்றமில்லை. பாயிண்ட் டூ டூ குண்டின் குறுக்களவு 5.6 மி.மீ. காகிதம் கிழிந்து மறுபடி மூடிக்கொள்வதால் ஓட்டை அதைவிடவும் சிறுத்துத்தான் தெரியும். குறையில்லாத கண்ணுக்கே 25 மீட்டரில் ஏழு மி.மீ.க்குக் குறைந்தது பிரிந்து தெரியாது. 50 மீட்டர் என்றால் பதினாலு. மி.மீ. கணக்கு மாமாவுக்குப் புதிதல்ல. ஓய்வுக்குப் பிறகு அவர் போடியில் ஏலக்காய் தரகு பார்த்தார். அங்கே எட்டு மி.மீ. காய்க்குத்தான் ராஜ மரியாதை. ஒரு பிடி அள்ளி, பார்க்காமலே "எட்டு" என்பார். சல்லடை "ஏழு" என்று சொன்னால் சல்லடையை மாற்றச் சொல்வார்.

சுட்டு முடித்துக் காகிதத்தின் அருகே போனோம். மாமா சொன்ன 'மேல ஒண்ணு', காகிதத்தைப் பலகையில் அறைந்த ஆணி. என் காகிதத்தில் மொத்தமே இரண்டு ஓட்டை. பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு ஐந்து குண்டில் ஏழு! மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேனா முனையால் நானே ஒன்று குத்தினேன். மாமா வந்து குனிந்தார். "குண்டு போன ஓட்டைக்கு ஓரத்துல கரி மோதிரம் இருக்கும் மாப்ள. இதுல மை மோதிரம்ல இருக்கு?" என்றார். அரை அடி தூரத்தில் அவர் கண் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

தூரத்து ஓட்டையைப் பார்க்க நேர்மையான வழிகளும் இல்லாமல் இல்லை. பட்டாளத்துப் பெரிய ரேஞ்சுகளில் குறிப் பலகைக்குக் கீழே குழி வெட்டி ஆள் இருப்பார்கள். சுட்டதும் பலகையை இறக்கி, பழைய ஓட்டையை ஒட்டி மூடி, புதியதைக் கம்பால் சுட்டிக் காட்டுவார்கள். குண்டு பட்ட இடத்தில் மேல்பூச்சு உதிர்ந்து மஞ்சளாகப் பூக்கும் காகிதமும் வந்துவிட்டது. துபாயிலிருந்து வந்த மருமகன் ஒரு தொலைநோக்கி கொண்டுவந்தார். மாமா அதைச் சித்திரை மாதத்து மத்தியானத்தில் வைத்துப் பார்த்தார். தெரியவில்லை என்றதும் "கூட்டு, இன்னும் கூட்டு" என்று உருப்பெருக்கத்தைக் கூட்டினார். ஓட்டையோடு கானலும் சேர்ந்து பெருத்து, குறிப் பலகை கரகம் ஆடியது. மாமா அசரவில்லை. "அந்தா ஆடுது பாரு, அதான் ஓட்டை." கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் காற்றைக் கணிப்பது தேர்ந்தவர்கள் வித்தை. ஓட்டையைக் கணிப்பது மாமா வித்தை.

மாமா வயிற்றில் அடித்தது மின்னணுப் பலகைதான். குண்டு கடக்கும் சத்தத்தைக் கருவிகள் கேட்டு இடத்தைக் கணக்குப் போட, சுட்டவன் பக்கத்துத் திரையிலேயே புள்ளி விழுந்துவிடும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றார். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளி அரை மி.மீ.தான். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த மாமா, "இதக் கண்ணால பாத்தது யாரு?" என்று கேட்டு மடித்து வைத்துவிட்டார்.

தேனிக்குப் பக்கத்தில் தப்புக்குண்டு என்றே ஓர் ஊர் இருக்கிறது. பெயர்க் காரணம் கேட்டால் மாமாவிடம் பட்டாளக் கதை ஒன்று உண்டு, நம்ப வேண்டாம்.

சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் மாமாவைப் பலூன் சுடும் கடையில் பார்க்கலாம். பட்டால் வெடிக்கும், படாவிட்டால் தொங்கும். ஓட்டை பார்த்துச் சொல்ல ஆள் தேவைப்படாத இடம். போன வருஷம் பேரன் கேட்டானே என்று அவரே சுட்டார். பலூன் அசையவில்லை. "ஓட்டை விழுந்துருச்சுடா, காத்துதான் இன்னும் எறங்கல" என்றார். பேரன் இன்னொரு ரவுண்டு கேட்டால் காசு கொடுங்கள். துப்பாக்கியை மட்டும் பேரன் கையில் கொடுங்கள்.